மரக்காணம் மொட்டை மாடியும் வடதுருவ வெளிச்சமும்

கேட்ட எல்லோருக்கும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாது. மரக்காணத்திலிருந்து அரோரா தெரியாது. 2024 மே 10, 11 தேதிகளில் அவ்வளவு பெரிய சூரியப் புயல் அடித்தபோதும் தெரியவில்லை.

அந்த வாரம் என் வாட்ஸ்அப் முழுக்க ஊதா, பச்சை, ரோஸ் கலரில் வானம் கொட்டிக் கிடந்தது. நார்வே, இங்கிலாந்து, அமெரிக்கா என்று ஆளாளுக்குப் படம் அனுப்பிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி: "உங்க ஊர்ல கடல் பக்கம் இருட்டாத்தானே இருக்கும், நீ பாத்தியா?" வகுப்பில் மட்டும் ஏழெட்டுப் பேர் கேட்டார்கள். ஒருவன் "உப்பளத்துல பட்டு எதிரொளிச்சா டபுளா தெரியுமேடா" என்றான். கற்பனை நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை :-)

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏன் தெரியாது? எவ்வளவு தூரத்தில் தெரியாமல் போகிறது? இங்கே எங்கள் மாடியில் உட்கார்ந்துகொண்டு அதில் எதைத்தான் பார்க்க முடியும்? ஒரு வருஷத்துக்கு மேல் இதைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன். கிடைத்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், டீ வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் அரோரா என்றால் என்ன என்று இரண்டு வரி. சூரியனிலிருந்து மின்னேற்றம் கொண்ட துகள்கள் எப்போதும் வீசிக்கொண்டிருக்கின்றன. சில சமயம் கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று வெடித்து, கோடிக்கணக்கான டன் பொருளை ஒரே வீச்சில் தள்ளும். அது பூமியின் காந்தப்புலத்தை வந்து இடித்தால், அங்கே உள்ள எலக்ட்ரான்கள் முடுக்கப்பட்டு, துருவங்களைச் சுற்றிய வளையத்தில் வளிமண்டலத்துக்குள் பாயும். 100 முதல் 150 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜன் அணுவை அடித்தால் பச்சை. 200 கி.மீ.க்கு மேலே அடித்தால் சிவப்பு. புயல் பெரிதானால் அந்த வளையம் பருத்துப்போய் பூமத்திய ரேகையை நோக்கி இறங்கும். மே மாதம் நடந்தது அதுதான். 2003-க்குப் பிறகு வந்த முதல் ஜி-5 புயல். அதாவது அளவுகோலின் உச்சப் படி.

அதற்குக் காரணமான கரும்புள்ளிக் கூட்டத்தை நான் பார்த்தேன். 3664 என்று எண் கொடுத்திருந்தார்கள். அகலம் மட்டும் பூமியைப் போல 15 மடங்கு. கிரகணத்துக்கு வாங்கி வைத்த கண்ணாடி வழியாகவே, டெலஸ்கோப் இல்லாமல், சூரியனின் ஓரத்தில் ஒரு மிளகைக் கிள்ளி ஒட்டியது போலத் தெரிந்தது. எங்கள் ஆயாவையும் பார்க்க வைத்தேன். "இதுக்குத்தானா இவ்ளோ வெயிலு?" என்று கேட்டது. ஆயாவின் கேள்வியில் பாதி இயற்பியல் இருக்கிறது. பின்னால் வருகிறேன்.

அந்த இரவு இந்தியாவில் பார்த்தவர்கள் யாருமே இல்லையா என்றால், இருக்கிறார்கள். லடாக்கில் ஹான்லே என்ற ஊர். அங்கே சுமார் 4500 மீட்டர் உயரத்தில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வானாய்வகம் இருக்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு அங்கிருந்த முழுவானக் கேமராக்களில் வடக்குத் தொடுவானத்தை ஒட்டி சிவப்பு ஏறியது. விஞ்ஞானிகள் அதை நிலையான சிவப்பு வளைவு என்றார்கள். அரோராவின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். எலக்ட்ரான் மேலிருந்து பாய்ந்து அடிப்பதில்லை. புயலின் வெப்பம் மேல் வளிமண்டலத்தில் இறங்கி ஆக்சிஜனைச் சிவக்க வைக்கிறது. 2023 ஏப்ரலிலும் இதேபோல் ஹான்லேயில் பதிவாகியிருக்கிறது.

இனி நம் கணக்கு. மேப்பை எடுத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஹான்லே கிழக்கே ஏறக்குறைய 79 டிகிரி. மரக்காணம் 80 டிகிரி. எங்கள் மாடியிலிருந்து வடக்கே நேராகக் கோடு போட்டால் கிட்டத்தட்ட ஹான்லேயில் போய் முட்டும். தூரம் சுமார் 2300 கி.மீ. பூமி உருண்டை என்பதால், 400 கி.மீ. உயரத்தில் எரியும் ஒரு வெளிச்சம் அதிகபட்சம் 2200 கி.மீ. தூரம் வரைதான் தொடுவானத்துக்கு மேலே இருக்கும். ஆக, ஹான்லேக்காரர்களின் தலைக்கு நேர் மேலே சிவப்பு எரிந்தால்கூட, எங்களுக்கு அது கடல் மட்டத்துக்குக் கீழே. அவர்களுக்கே அது தலைக்கு மேலே இல்லை, தூரத்து வடக்கு ஓரத்தில். நமக்கு என்ன தெரியும்?

இதை மாடியிலேயே உணரலாம். துருவ நட்சத்திரம் உங்கள் ஊர் எந்த அட்சரேகையோ அத்தனை டிகிரி உயரத்தில் நிற்கும். மரக்காணத்தில் 12 டிகிரி. கையை நீட்டி முஷ்டியை மூடினால் அது 10 டிகிரி. ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே, கடல் ஈரத்திலும் தூசியிலும் முக்கால்வாசி மங்கி நிற்கிறது நம் துருவ நட்சத்திரம். ஹான்லேயில் அதே நட்சத்திரம் மூன்று முஷ்டி உயரத்தில் இருக்கும்.

இன்னொரு ஓரவஞ்சனையும் உண்டு. அரோராவுக்கு நம் பள்ளி மேப்பின் அட்சரேகை முக்கியமில்லை, காந்த அட்சரேகைதான் முக்கியம். பூமியின் காந்த அச்சு அமெரிக்கா பக்கம் சாய்ந்திருக்கிறது. டெக்ஸாஸ் மாநிலத்து டல்லாஸும் நம் ஹான்லேயும் மேப்பில் ஏறக்குறைய ஒரே உயரம். காந்தக் கணக்கில் டல்லாஸ் 15 டிகிரிக்கு மேல் வடக்கே போய்விடுகிறது. டெக்ஸாஸ்காரர்கள் வீட்டு வாசலில் நின்று படம் எடுத்ததும், நாம் ஃபார்வர்டு பார்த்ததும் இதனால்தான். தமிழ்நாட்டின் தென்கோடி, திருநெல்வேலிக்கு அந்தப் பக்கம், காந்த நடுக்கோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. அரோராவுக்கு இதைவிடத் தூரமான இடம் பூமியில் கிடையாது.

இதோடு முடித்திருந்தால் இது ஒரு சோகக் கட்டுரை. ஆனால் வெளிச்சம்தான் வராதே தவிர, அந்த வெளிச்சத்தை உண்டாக்கும் புயல் நம் ஊருக்கும் வந்தே தீரும். அதற்குச் சாட்சி இந்தியாவிலேயே இருக்கிறது.

1859 செப்டம்பர் தொடக்கத்தில் வந்த புயல்தான் இதுவரை பதிவான புயல்களில் பெரியவற்றில் ஒன்று. அதற்குக் காரணமான சூரிய வெடிப்பைப் பார்த்த இங்கிலாந்துக்காரர் காரிங்டன் பெயரால் அழைக்கிறார்கள். அன்றைக்கு பம்பாய் கொலாபா ஆய்வகத்தில் காந்த ஊசிகளை ஆட்கள் கண்ணால் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பூமியின் காந்தப்புலம் அங்கே சுமார் 1600 நானோடெஸ்லா சரிந்ததை அந்த நோட்டு சொல்கிறது. 2024 மே புயலில் உலக சராசரிக் கணக்கு 400-ஐத் தாண்டியது, அவ்வளவுதான். காரிங்டன் புயல் எவ்வளவு பெரிது என்று இன்றைக்கும் உலகம் கணக்குப் போடும்போது, பம்பாயில் எழுதிய அந்த எண்களைத்தான் எடுத்துப் பார்க்கிறது. வானத்தில் கலர் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தும், அளந்து வைத்த எண் நம் வெப்பமண்டலத்து ஊரிலிருந்துதான் கிடைத்தது.

பிறகு 1872 பிப்ரவரி 4. அன்றைக்கு வளையம் எவ்வளவு கீழே இறங்கியது என்றால், பம்பாயிலேயே அரோரா தெரிந்ததாக அப்போதைய நாளிதழ் எழுதியது. கடலடித் தந்திக் கம்பிகளும் அன்று தகராறு செய்தன. ஆக, "இந்தியாவில் அரோரா வரவே வராது" என்று யாராவது அடித்துச் சொன்னால் இந்தத் தேதியை நீட்டுங்கள்.

கொலாபா கதையில் இன்னொரு அத்தியாயமும் உண்டு, இந்தக் கட்டுரைக்கு அது தேவைப்படுகிறது. பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும் காந்த ஊசிகளுக்கு ஆபத்து வந்தது. டிராமின் மின்சாரம் ஊசியை ஆட்டும். டிராமை நிறுத்தச் சொல்ல முடியுமா? ஊருக்கு டிராம் வேண்டும். அதனால் காந்த ஆய்வகத்தை அலிபாக் என்ற கடற்கரை ஊருக்கு மாற்றினார்கள். 1904-லிருந்து அது அங்கே இயங்குகிறது. ஊசியை ஈர்க்கும் பொருள் எதுவும் கலக்காமல் கட்டிய கட்டடம். ஊரின் தேவையையும் ஊசியின் தேவையையும் இரண்டையும் காப்பாற்றிய முடிவு அது. இதை ஞாபகத்தில் வையுங்கள்.

சரி, என் மாடிக்கு வருவோம்.

"வீட்டு வானாய்வகம்" என்று நண்பர்களிடம் பீற்றிக்கொள்வேன். உண்மையில் அது நாலடி கைப்பிடிச் சுவர், ஒரு தண்ணீர் டேங்க், கால் ஒடிந்து கயிறு கட்டிய பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டிரைபாட். கேமரா அத்தை மகனுடையது. அவர் கல்யாணப் போட்டோகிராபர். முகூர்த்தம் இல்லாத நாளில்தான் கேமரா எனக்குக் கிடைக்கும். இதனால் என் வானியல் முழுக்க பஞ்சாங்கத்தை நம்பி நடக்கிறது. ஆடியில் கேமரா கிடைக்கும், மேகம் விடாது. மார்கழிதான் வரம். கல்யாணம் கிடையாது, மழையும் ஓய்ந்திருக்கும்.

வீட்டுக்கு மேற்கே உப்பளம். கிழக்கே ஈசிஆர் ரோட்டைத் தாண்டினால் கடல். உப்பளம் என்பது ஒரு பெரிய தட்டு மாதிரி. மரமில்லை, மாடியில்லை, வானம் தரை வரைக்கும் வந்து இறங்கும். தெற்கே 35 கி.மீ.யில் புதுச்சேரியின் ஆரஞ்சு மூட்டம். வடக்கே தூரத்தில் சென்னையின் சாம்பல் மூட்டம். கிழக்கே மட்டும் கடல், படகு விளக்குகளைத் தவிர ஒன்றுமில்லை.

இங்கே படம் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காற்றில் உப்பு இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் லென்ஸ் மேல் பிசுபிசுவென்று படலம் கட்டும். சட்டைத் துணியால் துடைத்தால் உப்புத்துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுகுழலால் ஊதி, பிறகு லேசாக ஈரப்படுத்திய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். டிரைபாட் மூட்டுகளை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த அமாவாசைக்குத் திருகு திரும்பாது.

இவ்வளவு ஏற்பாடு எதற்கு? அரோராதான் வராதே என்கிறீர்களா?

1868-ல் ஆங்ஸ்ட்ராம் என்ற ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஒரு விஷயம் கவனித்தார். அரோராவில் இருக்கிற அதே பச்சை நிறக்கோடு, அரோரா இல்லாத இரவிலும், வானத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் மங்கலாக வருகிறது. இன்றைக்கு இதற்கு வானொளிர்வு என்று பெயர் சொல்லலாம். துருவத்திலும் இருக்கிறது, பூமத்திய ரேகையிலும் இருக்கிறது. இன்றிரவு மரக்காணத்துக்கு மேலேயும் இருக்கும். நிலா இல்லாத, விளக்கு இல்லாத இரவில்கூட வானம் முழுக்கக் கறுப்பாக இல்லாததற்கு இதற்குப் பெரும் பங்கு உண்டு.

அது நடக்கும் விதம்தான் என்னைக் கட்டிப்போட்டது. பகலில் சூரியனின் புற ஊதாக் கதிர், மேலே இருக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தனித்தனி அணுக்களாக உடைத்துப் போடுகிறது. இரவில் அந்த அணுக்கள் மெதுவாக ஒன்று சேர்கின்றன. சேரும்போது பகலில் வாங்கியதை வெளிச்சமாகத் திருப்பிக் கொடுக்கின்றன. சுமார் 95 கி.மீ. உயரத்தில் பச்சை. 250 கி.மீ. உயரத்தில், கொஞ்சம் வேறு விதமாக, சிவப்பு. உப்பளத்தில் வளர்ந்தவனுக்கு இது புதுசே இல்லை. பகலெல்லாம் வெயில் பாத்தியில் வேலை செய்யும், காலையில் உப்பாக வாரி எடுப்போம். மேலேயும் ஒரு பாத்தி இருக்கிறது போல என்று தோன்றியது. ஆயா கேட்ட "இதுக்குத்தானா இவ்ளோ வெயிலு?" என்பதற்கு என் பதிலும் இதுதான். கரும்புள்ளி நிறைய இருக்கும் வருஷங்களில் புற ஊதாக் கதிரும் அதிகம், மேல் பாத்தியில் விளைச்சலும் அதிகம்.

இன்னும் ஒன்று. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்றும் உண்டு. அது சோடியம். எரிந்து விழும் விண்கற்கள் 80, 100 கி.மீ. உயரத்தில் விட்டுப்போகும் சோடியம். உப்பில் பாதி என்ன? சோடியம்! 1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து கிளம்பிய இந்தியாவின் முதல் ராக்கெட் மேலே கொண்டுபோய் ஊதியதும் சோடியம் ஆவியைத்தான். அந்தி வானில் ஆரஞ்சு மேகம் கிளம்பியது. காந்த நடுக்கோடு பக்கத்தில் ஓடுகிறது என்பதற்காகத்தான் தும்பாவையே தேர்ந்தெடுத்தார்கள். அரோராவுக்கு ரொம்பத் தூரம் என்று மேலே புலம்பினேனே, அந்தத் தூரமே ஒரு காரணத்தால் முக்கியமாகிவிட்டது பாருங்கள்.

எங்கள் ஊர் மீனவர்களுக்கும் இதில் பங்கிருக்கிறது. சூரியன் மறைந்த பிறகு, காந்த நடுக்கோட்டுக்கு மேலே மின்னேற்ற வாயுவில் குமிழிகள் கிளம்பும். சிவப்பு வானொளிர்வைப் படம் எடுத்தால் அவை கருப்புக் கோடுகளாகத் தெரியும். ஜிபிஎஸ் சிக்னல் இந்தக் குமிழி வழியாக வந்தால் திணறும். பங்குனி, சித்திரை மற்றும் புரட்டாசி, ஐப்பசி மாலைகளில் இது அதிகம். திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் இந்த வானொளிர்வைக் கேமரா வைத்துக் கவனித்திருக்கிறது. இது அழகுக்காகப் பார்க்கும் வேலை மட்டும் இல்லை. நடுக்கடலில் கரைக்கு வழி சொல்லும் கருவி ஏன் தடுமாறுகிறது என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது.

இப்போது நான் பார்த்த இரண்டு இரவுகள்.

முதலாவது 2024 டிசம்பர் முதல் வாரம். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. உப்பளம் ஏரியாகிவிட்டது. சித்தப்பா தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த உப்புக் குவியலில் பாதி கரைந்துபோனது. எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை. மழை விட்ட பிறகு வந்த இரவில், உள்ளே புழுக்கம் தாங்காமல் தெருவே மாடிக்கு வந்துவிட்டது. சார்ஜ் போய்விடும் என்று யாரும் செல்போன் லைட்டைக்கூடப் போடவில்லை. அமாவாசை முடிந்து ஓரிரு நாள். மழை கழுவிவிட்ட வானம்.

நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டிலிருந்து அப்படி ஒரு வானத்தைப் பார்த்ததில்லை. "நான் சின்னப் புள்ளயா இருக்கச்ச தெனம் இப்டித்தான் இருக்கும்" என்றது ஆயா. சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் இருட்டில் உப்பளம் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கேமரா இல்லை, கார்த்திகை முகூர்த்தம். என்னிடம் அந்த இரவின் படம் ஒன்றுகூட இல்லை. ஒரு பக்கம் ஆசை தீர வானம், மறுபக்கம் கரைந்துபோன உப்பு. அந்த வானத்தை "அருமை" என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு வரவில்லை.

இரண்டாவது இரவு டிசம்பர் 30, மார்கழி அமாவாசை. கேமரா கைக்கு வந்துவிட்டது. கரண்டும் வந்துவிட்டது, எல்லா விளக்கும் எரிகிறது. கிழக்கே கடலைப் பார்த்து டிரைபாடை வைத்தேன். 18 மி.மீ. லென்ஸ், எஃப் 3.5, ஐஎஸ்ஓ 3200, ஒவ்வொன்றும் 25 விநாடி. ஜேபெக் வேண்டாம், ரா ஃபைலாக எடுங்கள். இரவு 10 மணி முதல் 1 மணி வரை விடாமல் எடுத்தேன். நடுநடுவே ஊதுகுழல். மறுநாள் லேப்டாப்பில் பத்துப் பத்துப் படமாக அடுக்கிச் சேர்த்தேன்.

கடலுக்கு மேலே, ஒன்றரை முஷ்டி உயரத்தில், லேசான பச்சைப் பட்டை. அதற்குள் வரிவரியாக, தண்ணீர் வடிந்த மணல் மாதிரி.

இது வானொளிர்வுதான், ஏதோ விளக்கு இல்லை என்று எப்படித் தெரியும்? படங்களை வரிசையாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். தரையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருப்பது ஊர் விளக்கின் மூட்டம். நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்வது பால்வீதி. இரண்டோடும் சேராமல் தன்பாட்டுக்கு நகர்வது வானொளிர்வு அல்லது மெல்லிய மேகம். மேகம் என்றால் பின்னால் இருக்கும் நட்சத்திரம் மங்கும், வானொளிர்வு என்றால் மங்காது. என் வரிகள் அரை மணி நேரத்தில் பட்டையின் ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குப் போயின, நட்சத்திரங்கள் அப்படியே இருந்தன. அந்த வரிகள் 95 கி.மீ. உயரத்துக் காற்றில் ஓடும் அலைகள். கீழே எங்கோ இடி மழையோ மலையில் மோதிய காற்றோ கிளப்பிவிட்டவை.

அம்மா படத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "இத நீ பாத்தியா, கேமரா பாத்துச்சா?"

கேமராதான் பார்த்தது. அவ்வளவு மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது. கேமரா 25 விநாடி சேர்த்து வைக்கும், கண் அப்படிச் சேர்க்காது. ஹான்லேயின் சிவப்பும் பெரும்பாலும் கேமராவின் கண்டுபிடிப்புதான். நமக்கு வரும் நார்வே படங்களிலும் நிறம் நேரில் பார்ப்பதைவிடத் தூக்கலாகவே இருக்கும். அதனால் அது பொய்யாகிவிடாது. ஆனால் எத்தனை விநாடி, எத்தனை படம் சேர்த்தது என்று பக்கத்தில் எழுதி வைப்பது நியாயம். கொலாபாவில் எழுதி வைத்த மாதிரி. என் படத்தின் கீழே எழுதியிருக்கிறேன்.

கடைசியாக, எனக்கும் சித்திக்கும் நடந்த சண்டை.

உப்பள வேலை வெயிலுக்கு முன்னால் ஆரம்பிக்கிறது. சீசனில் விடியற்காலை நாலு மணிக்கே பெண்கள் வரப்பு மேல் நடந்து போவார்கள், சித்தியும் போகும். எங்கள் பக்கத்து முச்சந்தியில் உயரமான கம்பத்தில் வெள்ளை எல்இடி விளக்கு போட்டார்கள். பழைய சோடியம் விளக்கு என்றால் பெரும்பாலும் மஞ்சள் நிறம், ஓரளவு வடிகட்டிவிடலாம். வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் பரவுகிறது, வடிகட்ட வழியில்லை. மேற்குப் பக்க வானம் எனக்குப் போய்விட்டது. "அந்த லைட்ட எடுத்துட்டா நல்லாருக்கும்" என்று சாப்பிடும்போது சொன்னேன்.

"லைட்டு இல்லாம நீ அந்த வரப்புல நடந்து பாருடா. பாம்பு கடிச்சா உன் கேமராவா வைத்தியம் பாக்கும்?" என்றது சித்தி.

பதில் இல்லை. சித்தி சொன்னது முழுக்கச் சரி. மறுநாள் நாலு மணிக்கு நானும் கூடவே நடந்தேன். அப்போது ஒன்று தெரிந்தது. அந்த விளக்கு கண்ணில் அடிக்கிறது, வானத்தில் அடிக்கிறது, ஈர உப்பில் பட்டு மறுபடி கண்ணில் அடிக்கிறது. அதைத் தாண்டி வரப்பில் இறங்கியதும் முன்னைவிட இருட்டாக இருக்கிறது. "ஆமா, கொஞ்ச நேரம் கண்ணே தெரியாது" என்று சித்தியே சொன்னது. "கீழ பாத்தா மாதிரி நாலு சின்ன லைட்டு போட்டா போதும். எவன் கேக்கறான்?"

ஹான்லே செய்ததும் இதேதான். 2022-ல் அந்தப் பகுதியை இருள் வானக் காப்பகமாக அறிவித்தார்கள். ஊரை இருட்டில் தள்ளவில்லை. விளக்குக்கு மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினார்கள், ஜன்னலுக்குத் திரை போட்டார்கள், ஊர்க்காரர்களுக்கே டெலஸ்கோப் கொடுத்து வருபவர்களுக்கு வானம் காட்டப் பழக்கினார்கள். அலிபாக்கில் டிராமுக்கும் ஊசிக்கும் வழி கண்டுபிடித்த மாதிரி.

எனக்கு அரோரா பார்க்க ஆசை போய்விட்டதா என்றால், இல்லை. காசு சேர்ந்தால் ஒருநாள் போவேன். ஆனால் வானத்தில் பச்சை பார்க்க நார்வே வரை போயாக வேண்டும் என்று இப்போது நான் நம்பவில்லை. அது இங்கேயே, நம் வெயில் விளைவித்தது, ஒவ்வொரு இரவும் தலைக்கு மேலே இருக்கிறது. இன்னும் எத்தனை வருஷம் கேமராவிலாவது தெரியும் என்பது அந்த முச்சந்தி விளக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது.

சித்தியும், உப்பளத்துக்குப் போகும் இன்னும் பதினோரு பெண்களும் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று தயாராகியிருக்கிறது. விளக்கை எடுக்கச் சொல்லவில்லை. மூடி போட்டுக் கீழே திருப்பவும், வரப்புப் பக்கம் தாழ்வாக நாலு விளக்கு வைக்கவும் கேட்டிருக்கிறோம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் கொடுக்கப் போகிறோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு விளக்கு இருந்தால், ராத்திரி ஒருமுறை அதன் அடியில் நின்று அது எங்கே அடிக்கிறது என்று பாருங்கள். அடுத்த அமாவாசைக்கு யாராவது மரக்காணம் வருவதானால் சொல்லுங்கள். நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது, பாய் எடுத்துக்கொண்டு வாருங்கள் :-)